துண்டுக்கடியில்

புதூர்நாட்டில் ரங்கசாமியின் கடுக்காய்க் கிடங்கு திறக்கும் நாளில் விலையை வாய்விட்டுச் சொன்னவர் எவரும் இல்லை. மலையில் பொறுக்கிய காயை மாசி மாதம்வரை வெயிலில் காயவைத்து, பூச்சி விழுந்ததைப் புடைத்துத் தள்ளி, நல்லதைக் கிடங்கில் குவித்துவைப்பார்கள். தோலைப் பதப்படுத்தக் கடுக்காயின் துவர்ப்பு வேண்டும் என்பதால், வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தோல் முதலாளிகளும் அவர்களுடைய ஆட்களும் மலையேறி வருவார்கள். குவியலைக் கிளறிப் பார்த்த பிறகு, வாங்க விரும்புகிறவர் விற்பவருக்கு எதிரே வந்து கையை நீட்டுவார். இரண்டு கைகளின்மேலும் ஒரு துண்டு விழும். அதன்பின் பேசுபவை விரல்களே. முழு ரூபாய் எத்தனை என்பது எல்லாரும் அறிந்தது. அதற்குமேல் எத்தனை அணா என்பதுதான் துண்டுக்கடியில் ஒளிந்திருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு மணங்கு எடைக்கு ஓர் அணா. இரண்டைப் பிடித்தால் இரண்டு. உள்ளங்கையைச் சுரண்டினால் போதாது என்று பொருள். கட்டைவிரலை அழுத்தினால் பேரம் முடிந்தது. அழுத்தித் துண்டையும் எடுத்துவிட்ட பிறகு, பெற்ற தகப்பனே வந்து நின்றாலும் பேச்சை மாற்றக் கூடாது. நயா பைசா வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்த விரல்கள் அணாவைத் தவிர வேறொரு காசை ஏற்றுக்கொள்ளவில்லை.

கிடங்கும் காயும் ரங்கசாமிக்குச் சொந்தம். திருப்பத்தூரில் மாடி வீடு, மலையில் குத்தகை, மணிக்கட்டில் தங்கக் கடிகாரம் என்று வாழ்ந்தவர் அவர். ஆனால், துண்டுக்கடியில் நுழைகிற கை தசரதனுடையது. மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இளவயதில் கணக்கெழுத வந்த தசரதன், நாளடைவில், வாங்குகிறவர்களைக் கலைந்துபோகாமல் காத்துவைப்பதையே தம் வேலையாக்கிக்கொண்டவர். ஊரார் அவரைத் தரகர் என்றார்கள். இங்கொரு பொய்யும் அங்கொரு பொய்யும் சொல்லி நடுவே வயிறு வளர்க்கிறவனுக்கும், இருபுறமும் ஒரே சொல்லைச் சொல்கிறவனுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற உலகம் இது.

அவர் செய்தவை பெரும்பாலும் கண்ணில் படாத காரியங்கள். மழை பிந்தினால் காயும் பிந்தும் என்று ஆவணியிலேயே ஆளனுப்பிச் சொல்லிவிடுவார்; தோலை ஊறப்போட்டுவிட்டுக் காய்க்காகக் காத்துக் கிடக்கும் கதி எந்த முதலாளிக்கும் நேராது. ஒரு வருடம் காய் முழுவதும் சுருங்கிச் சிறுத்துப்போனது. அப்போது அவர் வாணியம்பாடிக்கே போய், இந்த முறை எங்களிடம் வாங்காதீர்கள், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நல்ல காய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். சோறு போடுகிற வீட்டுக்கே குழி தோண்டுகிறாயா என்று ரங்கசாமி அன்று குதித்த குதியைக் கிடங்கின் ஓடுகள் அறியும். ஆனால், அடுத்த வருடம் அந்த முதலாளிகள் அத்தனை பேரும் வேறு கிடங்கின் படியை மிதிக்காமல் நேராக இங்கேதான் வந்து இறங்கினார்கள். ரங்கசாமி அதைக் காயின் பெருமை என்று நினைத்துக்கொண்டார். காய்க்கு ஏது பெருமை?

வந்தவர்களில் மூத்தவர் அமீனுல்லா. வாணியம்பாடியில் பாலாற்றங்கரையோரம் அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. ஆண்டுதோறும் கிடங்கில் பாதியை அவர் ஒருவரே எடுத்துக்கொள்வார். அவர் மனைவி காலமானபோது தசரதன் போய், அடக்கம் முடிகிறவரை வாசலில் நின்றுவிட்டு, வியாபாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் திரும்பினார். பெருநாளுக்கு அமீனுல்லா வீட்டிலிருந்து தசரதன் வீட்டுக்குச் சமைக்காத அரிசியும் பழமும் வரும். கறிச்சோறு இந்த வீட்டில் ஆகாது என்பதை எவரும் சொல்லாமலே அவர் அறிந்துவைத்திருந்தார்.

இவற்றையெல்லாம் விட நெருக்கமானது துண்டுக்கடியில் நடந்தது. அமீனுல்லாவின் கை கனத்த கை. உள்ளங்கை மரப்பட்டையைப்போல் சொரசொரவென்றிருக்கும். நகக்கண்களில் துவர்க்கறை ஏறியிருக்கும். அந்தக் கை ஈரமாக இருந்தால் சென்னையில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று தசரதன் தெரிந்துகொள்வார். மனைவி இறந்த வருடம் அது இலேசாக நடுங்கியது. பேரம் நல்லபடியாக முடிந்த வருடங்களில், கட்டைவிரலை அழுத்திய பிறகும் அவர் தசரதனின் உள்ளங்கையை ஒருமுறை சுரண்டிவிட்டுக் கண்ணைச் சிமிட்டுவார். சுற்றி நிற்பவர்கள் இருவரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விழிப்பார்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் ஒரு வாய்ச் சோறு உண்டதில்லை. ஆனாலும், ஒருவர் நலிவை மற்றவர் கை அறிந்திருந்தது.

அந்தக் கைதான் மரத்துப்போனது.

முந்தின ஆண்டு மார்கழியில், புதூர்நாட்டுத் தேநீர்க் கடையில் தசரதன் ஆவி பறக்கும் கண்ணாடித் தம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரன், கை வேகுதே, கீழே வைக்கக் கூடாதா என்று கேட்டபோதுதான் அவர் குனிந்து பார்த்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் சிவந்து கொப்புளித்திருந்தன. வலி இல்லை. அன்று மாலை கிடங்கின் பின்புறம் போய், அந்த இரு விரல்களையும் கருவேல முள்ளால் குத்திப் பார்த்தார். இரத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. முழங்கைக்கு மேலே வெளுத்த தேமல் ஒன்று நெடுநாளாக இருந்தது நினைவுக்கு வந்தது.

பல மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, தம்மை அறிந்தவர் எவரும் இராத கண்ணமங்கலத்துக்குப் போனார். அங்கே சாலையோரப் புளிய மரத்தடியில் வாரந்தோறும் மருத்துவ வண்டி ஒன்று வந்து நிற்கும். பேருந்தில் போகிறவர்கள் அந்த மரத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அங்கே வரிசையில் நிற்பவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்பார்கள். மருத்துவர் இளைஞர். பறவை இறகால் தசரதனின் கையைத் தடவி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். பிறகு, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டால் நோய் நின்றுவிடும், மற்றவர்களுக்குத் தொற்றாது, போன உணர்ச்சி திரும்பும் என்று மட்டும் உறுதி சொல்ல மாட்டேன், வீட்டில் மறைக்காதீர்கள் என்றார்.

அவர் மறைக்கவில்லை. மனைவி ஜெயம்மாளிடம் அன்றே சொன்னார். ஜெயம்மாள் அழவில்லை; ஏசவில்லை. மறுநாள் காலையில் அவருடைய தட்டும் தம்ளரும் அடுக்களை அலமாரியிலிருந்து கொல்லைப்புறச் சன்னலுக்கு இடம் மாறியிருந்தன. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததை ஜெயம்மாளும் பார்த்தாள். ஒரு வீட்டில் ஒரு தட்டு இடம் மாறுவதற்கு எந்த மருத்துவர் சொன்னார், எந்தச் சாத்திரம் சொன்னது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவரோ கேட்கிற நிலையில் இல்லை. விரலில் தொடங்கிய மரப்பு மெல்ல மெல்ல உள்ளேயும் ஏறிவிட்டதுபோல் தசரதனுக்கு எதுவும் உறைக்காமல் போயிற்று. உண்டார்; மாத்திரை விழுங்கினார்; மலையேறினார்.

அவருக்கு மிஞ்சியிருந்த கவலை ஒன்றே ஒன்று. இது வெளியே தெரிந்தால் எந்த முதலாளி தம் கையில் கையை வைப்பார்? கை வைக்க ஆளில்லாத தசரதனை ரங்கசாமி எதற்காக வைத்துக்கொள்வார்? போன ஆண்டு மாசியில், கண்ணமங்கலத்துக்குப் போவதற்கு முன்பே, மரத்த விரல்களோடு அவர் அமீனுல்லாவின் எதிரே உட்கார்ந்து சமாளித்திருந்தார். பழகிய கை என்பதால் அது எந்தப் பக்கம் அசைகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதை மணிக்கட்டாலேயே ஊகிக்க முடிந்தது. கடைசியில் அமீனுல்லா உள்ளங்கையைச் சுரண்டவில்லை. தசரதன் அதைக் கவனித்தார்; காய் திருப்தியில்லைபோலும் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த ஆண்டுக் கிடங்கு திறந்த அன்று, விடிந்ததும் ரங்கசாமி தசரதனைத் தனியே அழைத்து, குத்தகைத் தொகை ஏறிவிட்டது, நாலணாவுக்குக் கீழே ஒரு பிடி காய்கூட நகரக் கூடாது என்று சொல்லியிருந்தார். வெயில் ஏறியபோது அமீனுல்லாவின் ஜீப்பு முக்கி முனகிக்கொண்டு மேலே வந்தது. அவரோடு அவர் மகன் இக்பாலும் இறங்கினான். சென்னையில் படித்த பிள்ளை. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. தோல் பதனிட வெளிநாட்டு வாட்டில் மரப்பட்டைத் தூள் மூட்டைகள் துறைமுகத்தில் வந்து குவிகின்றன, கடுக்காயும் ஆவாரம்பட்டையும் இன்னும் எத்தனை நாளைக்கு என்று அவன் வாணியம்பாடியில் பேசிவருவது மலைவரை எட்டியிருந்தது. தூளைக் கரைத்தால் போதுமாம்; மலையேற வேண்டாம், குவியலைக் கிளற வேண்டாம், எவர் கையையும் பிடிக்க வேண்டாம்.

அமீனுல்லா குவியலில் கைவிட்டு அடிக்காயை எடுத்து, காதருகே குலுக்கிப் பார்த்தார். உடைத்து உள்நிறம் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு, வழக்கம்போல் வந்து எதிரே உட்காராமல், மகனை முன்னே தள்ளினார்.

"இந்த வருசம் இவன் கை வெக்கட்டும் தசரதா. எனக்கப்பறம் இவன்தான உன்கிட்ட வரணும். பழகிக்கட்டும்."

தசரதனுக்குள் நெடுநாளாக இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அமீனுல்லாவின் கை தம்மைக் கண்டுபிடித்துவிடும் என்றுதான் அவர் அஞ்சியிருந்தார். இந்தப் பிள்ளை அவர் கையை ஒருநாளும் தொட்டதில்லை. இவனுக்கு எது மாறியது என்று தெரியாது. வாங்க தம்பி என்று சொல்லித் துண்டை உதறினார்.

ஆம்பூர் முதலாளி ஒருவருக்காக வாங்க வந்திருந்த காசி, தராசுக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"சின்ன பாய், கண்ணாடியக் கயட்டுங்க. துண்டுக்குள்ள அது ஒண்ணும் தெரியாது."

களத்தில் காய் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். இக்பாலும் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். துண்டு விழுந்தது.

இக்பாலின் கை மென்மையானது. பேரத்தை ஒரு விளையாட்டாக எண்ணிய கை அது. பிடிப்பதும் தெரியாமல் பட்டும் படாமலும் பிடித்தது. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் அவன் பிடித்திருப்பதைத் தசரதன் உணர்ந்தார். மற்ற இரண்டையும் பிடித்திருக்கிறானா? அவை எப்போதும்போல் ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கட்டைக் கேட்டார், பழகாத கையின் அசைவு அதற்கும் புரியவில்லை. துண்டைச் சற்றே தூக்கி எட்டிப்பார்க்கவா முடியும்? அப்படிப் பார்த்தவன் அந்த மலையில் அதன்பின் ஒரு காயும் விற்க முடியாது. மறுபடி பிடி என்று கையை உதறிக் கேட்கலாம். ஆனால், அருகிலேயே அமீனுல்லா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் தம் கை தடுமாறக் கூடாது.

தசரதன் தாம் அறிந்ததை நம்பினார். அந்த வீட்டின் வழக்கத்தை அவர் அறிவார். அமீனுல்லா ஒன்றுக்கும் இரண்டுக்கும் சுரண்டிக்கொண்டிருக்கிறவர் அல்லர். நியாயமான இடத்தில் தொடங்கி அங்கேயே முடிப்பவர். மகனுக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருப்பார். ஆக, இது நாலுதான். கட்டைவிரலை அழுத்தினார். துண்டை எடுத்தார்.

இக்பால் ஒரு கணம் விழித்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி பரவியது.

"இன்னா தசரதா, ஒரே அமுக்குல முடிச்சிட்டே," என்றான் காசி. "பொண்ணத் தள்ளிவுட்டாப் போதும்னு கீற வூட்டுக்காரன் மாதிரி."

அதற்கும் பெண்கள் சிரித்தார்கள். தசரதனும் சிரித்துவைத்தார்.

தராசு கட்டி மூட்டை நிறுக்கத் தொடங்கினார்கள். ரங்கசாமியின் மைத்துனன் தராசடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். இக்பால் ரங்கசாமியிடம் போய் விலையைச் சொன்னான். மலைக்குப் புதியவன் என்பதால், தன் முதல் பேரத்தைப் பற்றிச் சற்று உற்சாகமாகவே சொன்னான். ரங்கசாமி அவனை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தராசை நிறுத்தச் சொன்னார்.

"தசரதா, எவ்ளோ வாங்கின?"

தசரதனுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்று புரியவில்லை.

"பாய் வூட்டுப் புள்ள ரெண்டணாக்கு முடிஞ்சிச்சின்றான். நாலுக்குக் கொறையாதன்னு விடிகாலம் உன் காதுல ஓதினேன். மீதி எங்க போச்சி, உன் மடிக்கா?"

இக்பாலின் முகம் சிவந்தது. "இன்னா பேசறீங்க நீங்க? எங்க வூட்டுக் காசு அப்பிடி யார் மடிக்கும் போவாது. நான் ரெண்டு வெரல் புடிச்சேன். கேப்பாருன்னு பாத்தேன், கேக்கல. கட்டைவெரல அமுக்கிட்டாரு."

"பேரமே பேசாம ஒருத்தன் அமுக்குவானா தம்பி? சும்மா அமுக்குவானா?" என்று கேட்ட ரங்கசாமி, மெல்ல அமீனுல்லாவின் பக்கம் திரும்பினார். "இத்தினி வருசமா இப்பிடித்தான் நடந்திச்சா பாய்? நான்தான் ஏமாந்த சோணகிரியா?"

அமீனுல்லா ரங்கசாமியைப் பார்க்காமல் தசரதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தசரதன் நின்ற இடத்திலேயே நின்றார். என்ன நடந்தது என்பது அவருக்கு இப்போது முழுதாக விளங்கிவிட்டது. சொல்ல இரண்டு சொற்கள் இருந்தன. ஆமாம், வாங்கினேன் என்று சொல்லிவிடலாம். திருடனை இந்த உலகம் ஏசும், அடிக்கவும் செய்யும், பிறகு மறந்துவிடும். வேறொரு குத்தகைக்காரன் அடுத்த பருவத்தில் அவனைக் கூப்பிட்டுத் தராசடியில் உட்காரவைப்பான். திருடனோடு ஒரே பாயில் உட்காருவார்கள். அவனுக்குப் பெண்ணும் கொடுப்பார்கள். நோயாளிக்குத்தான் தட்டு தனி, பாதை தனி, மரத்தடி தனி. திருட்டைப் பொறுத்துக்கொண்டு நோயைப் பொறுக்காத நீதி எங்கிருந்து வந்ததோ! இருந்தாலும், வாழ வேண்டியது அந்த நீதிக்குள்தான். ஆமாம் என்ற சொல் அவர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

ஆனால், வாங்கியவன் ஒருவன் இருந்தால் கொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒரு சொல்லில் இத்தனை வருடத்துப் பேச்சும் அழுகிவிடும். ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் காசி அதை ஒரு கதையாக விற்பான். அமீனுல்லா வீட்டுக் கை அதன்பின் எந்தத் துண்டுக்கடியிலும் சுத்தமாக நுழைய முடியாது. தசரதன் தம் வாழ்நாளில் கட்டியது என்று ஒன்று உண்டென்றால், அது அந்த வீட்டுக்கும் இந்தக் கிடங்குக்கும் நடுவே இருந்த அந்த நம்பிக்கைதான். வேறெதையும் அவர் கட்டவில்லை.

"கை மரத்துப் போச்சிங்க மொதலாளி," என்றார். குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. "கடைசி ரெண்டு வெரல்ல உணர்வு கெடையாது. சின்னவரு ரெண்டு புடிச்சாரா நாலு புடிச்சாரான்னு எனக்குத் தெரியல. அந்த வூடு எப்பவும் நாயமா முடிக்கிற வூடு. நாலுன்னு நெனச்சிட்டேன்."

"மரத்துப் போச்சின்னா?"

"பெரிய வியாதிங்க. மாத்திரை சாப்ட்டுக்கினு கீறேன்."

புடைக்கிற முறங்கள் நின்றன. காசி சாய்ந்திருந்த கம்பத்தைவிட்டு விலகினான். ரங்கசாமி இரண்டடி பின்னால் போனார். பிறகு, காலையில் தசரதனிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிய தம் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இக்பால் களத்தோரத் தொட்டியண்டை போய்க் கைகளைக் கழுவினான். உதறிவிட்டு மறுபடியும் கழுவினான். தசரதன் இவற்றையெல்லாம், வேறு யாருக்கோ நடப்பவைபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானம் வரும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை.

அமீனுல்லாதான் முதலில் பேசினார்.

"போன வருசமே எனக்குத் தெரியும் தசரதா. உன் கை எனக்குத் தெரியாதா? நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

ஈரக் கைகளோடு இக்பால் திரும்பினான். "அத்தா, தெரிஞ்சுமா என் கைய வெக்கச் சொன்னீங்க?"

"தொட்டா ஒட்டாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. நான் விசாரிச்சேன்." அவர் மகனுக்கு மறுமொழி சொன்னாலும் கண்களைத் தசரதன்மேலிருந்து எடுக்கவில்லை. "நான் கை வெச்சா இந்தத் தடவ கேக்காம இருக்க முடியாது. கேட்டா இவன் சங்கடப்படுவான். அதுக்குத்தான் உன்ன அனுப்பினேன்."

ஒருவர் மனம் நோகக் கூடாது என்று ஒருவர் ஒதுங்கியிருக்கிறார். அவருக்குத் தெரியக் கூடாது என்று மற்றவர் மறைத்திருக்கிறார். இருவரும் காட்டிய அந்த மரியாதை நடுவில் ஒரு பிள்ளையின் விளையாட்டுக் கையை நுழைத்து, எல்லாவற்றையும் களத்து நடுவே கொட்டிவிட்டது. தசரதனுக்கு அது விளங்கியது. விளங்கியதே தவிர, நெஞ்சில் ஓர் இடத்திலும் படவில்லை.

அமீனுல்லா ரங்கசாமியிடம், நாலணாவுக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னார். காசி கேட்டான், பெண்கள் கேட்டார்கள், வண்டிக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் களத்தில் ஒரு பேரம் துண்டில்லாமல் வாய்ச்சொல்லால் முடிந்தது அதுவே முதல் தடவை.

"துண்டு எடுத்தாச்சே அத்தா," என்றான் இக்பால். "எடுத்தா மாறாதுன்னு வழியெல்லாம் நீங்கதான சொல்லிக்கினு வந்தீங்க?"

"ரெண்டு கையும் பேசினாத்தான் அது பேச்சு. இது உன் கை மட்டும் பேசினது. வா."

மூட்டைகளை வண்டியில் ஏற்றும்வரை எவரும் தசரதனுக்கு அருகில் வரவில்லை. கிளம்பும்போது அமீனுல்லா ஜீப்புக்கு முன்னால் நின்றார். ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் அவர் தசரதனின் வலக்கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திவிட்டுப் போவது வழக்கம். இப்போது அவர் கை பாதிவழி நீண்டு, மேலே போய், நெற்றியைத் தொட்டு ஒரு சலாமாக மாறியது.

"மாத்திரைய உட்டுறாத," என்றார்.

சரிங்க பாய் என்றார் தசரதன். ஜீப்பு இறக்கத்தில் திரும்பியது. கையைப் பிடித்திருந்தாலும் பாதிதான் தெரிந்திருக்கும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

ரங்கசாமி கிடங்கின் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கேட்ட விலை கிடைத்துவிட்டதால் அவருடைய கோபம் தணிந்திருந்தது. தசரதனை அவர் ஏசவில்லை. கணக்கெல்லாம் நேர்செய்து வீட்டுக்கு அனுப்பிவைப்பதாகவும், இனி மலையேறி வந்து சிரமப்பட வேண்டாம் என்றும் ஆதரவான குரலிலேயே சொன்னார். வாசற்படிக்கும் தசரதனுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அளவுக்கு இடம் இருந்தது.

பிறகு தம் மைத்துனனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அடுத்த வருசம் இவன் கை வெக்கப்போறான். ஆருக்கு இன்னா புடிக்கும், இன்னா புடிக்காதுன்னு உனக்குத்தான தெரியும்? கொஞ்சம் சொல்லிட்டுப் போ. அங்கியே நின்னு சொல்லு, கேக்கும்."

இருபது வருடம் ஒருவர் மனத்தில் சேர்த்துவைத்ததை, சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வதுபோல், அதுவும் தொடாமல், வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார். தசரதன் மறுக்கவில்லை. மறுப்பதற்கு வேண்டிய சூடு அவரிடம் இல்லை. வெயிலில் நின்றபடி, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். ஆம்பூர்ப் பெரியவரிடம் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன் விலை பேசக் கூடாது. பேரணாம்பட்டுக்காரருக்குச் சிறு காய்தான் வேண்டும். பெருங்காயைக் காட்டினால் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்று சந்தேகப்படுவார். காசியை ஏசினால் சிரிப்பான். அவன் முதலாளியைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொன்னால் அன்றோடு போய்விடுவான். இன்னொருவருக்கு மகன் தவறிவிட்டான். பிள்ளைகள் நலமா என்று பழக்கத்தில் கேட்டுவிடக் கூடாது. மைத்துனன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்; இடையில் ஒருமுறை கொட்டாவி விட்டான்.

"வாணியம்பாடி பாய்?" என்றார் ரங்கசாமி. "பாதிக் கெடங்கு அவருதான். அவரச் சொல்லு."

தசரதன் யோசித்தார். ஈரமாக இருந்தால் இன்னது, நடுங்கினால் இன்னது, முடிந்த பிறகு சுரண்டினால் இன்னது என்று சொல்லலாமா? சொல்லத் தொடங்கிப் பார்த்தார். வாயில் சொல் எதுவும் கூடவில்லை. மைத்துனனின் கைகளைப் பார்த்தார். கொழுத்த, உலர்ந்த கைகள்.

"அவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார்.

மறைக்கிறான் என்று ரங்கசாமி நினைத்திருக்க வேண்டும். சலித்துக்கொண்டு கையை வீசி, போ என்றார். துண்டு தராசுக் கம்பத்தின்மேல் கிடந்தது. எடுத்துக்கொண்டு போ, அதை இனி எவர் தொடுவார் என்று உள்ளிருந்து எவரோ சொன்னார்கள். தசரதன் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிகள் போன தடத்தில் அடிவாரத்தை நோக்கி இறங்கலானார்.